அலுமாரிக்குள் இருக்கும் கிளினிக் கொப்பி

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் வருத்தத்தைப் பற்றிக் கதைப்பது பொருத்தமோ என்று விழாக் குழுவில் ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான். ஆனால் பழைய மாணவிகள் கூடுகிற எந்த இடத்திலும், கட்டிப்பிடித்துச் சுகம் விசாரித்து முடிந்த கையோடு, "உனக்கும் சீனியோ?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. அதுவும் குரலைத் தாழ்த்தி. அந்தத் தாழ்ந்த குரலைப் பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறோம்.

புத்தகத்தில் நீரிழிவு என்று இருக்கும். அம்மம்மா காலத்தில் சலரோகம் என்றார்கள். இப்போது சீனி வருத்தம். இன்னும் சுருக்கி, வெறும் சீனி. இலங்கை முழுவதையும் எடுத்து 2018, 2019 ஆம் ஆண்டுகளில் செய்த ஆய்வொன்று, வளர்ந்தவர்களில் 100 பேருக்கு 23 பேர் நீரிழிவோடு வாழ்கிறார்கள் என்று கண்டது. இன்னும் 30 பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். இந்த மண்டபத்தில் ஒரு வரிசையில் பத்துக் கதிரை போட்டிருக்கிறார்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். தெற்காசிய உடம்பு எந்த நாட்டுக்குப் போனாலும் தெற்காசிய உடம்புதான். வெள்ளைக்காரரைவிடக் குறைந்த நிறையிலும் குறைந்த வயதிலும் எங்களுக்கு இந்த வருத்தம் வருகிறது. அதனால்தான் எங்கள் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே கவனம் என்கிறோம். "நான் மெல்லிசுதானே" என்பது காப்புறுதி ஆகாது.

இந்த உரை முழுவதும் "நாங்கள்" என்றே சொல்லிக்கொண்டு போவோம். சில இடங்களில் அது டொக்டர்மாரைக் குறிக்கும், சில இடங்களில் வருத்தக்காரரை. பிரித்துச் சொல்ல முடியாதபடிக்கு ஒரு காரணம் உண்டு. மேசையின் இரண்டு பக்கமும் நாங்கள் இருந்திருக்கிறோம். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எங்களுக்கும் சீனி கூடியது. பிள்ளை பிறந்ததும் இறங்கியது. சில வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தது, இந்த முறை போகவில்லை. எங்களுக்கும் ஒரு கிளினிக் கொப்பி இருக்கிறது.

ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் அக்காமாருக்கு இனிச் சொல்லப் போவது அவர்கள் ஊர்க் கதை. 1921 இல் அந்த நகரத்துப் பல்கலைக்கழகத்தில்தான் பான்ரிங், பெஸ்ற் என்ற இருவர் கணையத்திலிருந்து இன்சுலினை எடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனாட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அது முதன்முதலாக ஊசியாக ஏற்றப்பட்டது. அதே வருடம் ஓகஸ்ற் மாதம் எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமியை அமெரிக்காவிலிருந்து ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்தார்கள். தகப்பன் அமெரிக்காவின் வெளிவிவகாரச் செயலாளர். பிள்ளைக்கு 15 வயது ஆகப்போகிறது, நிறையோ ஐந்து ஆறு வயதுப் பிள்ளையின் நிறை. அந்தக் காலத்தில் இந்த வருத்தத்துக்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து உயிரைத் தள்ளிப்போடுவார்கள். இன்சுலின் கிடைத்த பிறகு அந்தப் பெண் படித்தார், கலியாணம் செய்தார், மூன்று பிள்ளைகளை வளர்த்தார், 1981 இல் 73 வயதில் காலமானார். நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஊசிகள் போட்டிருப்பார் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு காலமும், மிக நெருங்கிய ஒரு சிலரைத் தவிர வெளியில் ஒருவருக்கும் அவர் தன் வருத்தத்தைச் சொல்லவில்லை.

அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் நீரிழிவு என்றால் ஆயுள் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவருக்கு இருந்தது முதலாம் வகை. ஊசியைக் குளியலறைக்குள் வைத்து ஒருவருக்கும் தெரியாமல் போட்டுவிட்டு வரலாம். எங்களில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது இரண்டாம் வகை. அது குசினியில், சாப்பாட்டு மேசையில், கோவில் வீதியில், கலியாண வீட்டுப் பந்தியில் எங்களோடு கூடவே வருகிறது. அதை மறைக்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு ஐந்து தடவை மறைக்க வேண்டும். அது பெரிய வேலை. வருத்தத்தைப் பார்க்கிறதைவிடக் களைப்பான வேலை.

எப்படி எல்லாம் மறைக்கிறோம் என்று பாருங்கள். மகளுக்குப் பேச்சுக்கால் நடக்கிற நேரம் தாய் கிளினிக்குக்குப் போகமாட்டார். பக்கத்து வீட்டு ஆட்கள் வரிசையில் கண்டுவிடுவார்களாம், "பரம்பரையில் சீனி" என்று கதை போய்விடுமாம். மாப்பிள்ளை வீட்டிலும் இதே நேரம் ஒரு கொப்பி அலுமாரிக்குள் இருக்கும், அது வேறு கதை. கலியாண வீட்டில் பலகாரத் தட்டு வந்தால், வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயத்தில் இரண்டு எடுப்போம். லண்டனிலிருந்து மகன் கோல் எடுத்தால் "ஒரு குறையும் இல்லை ராசா, நல்லா இருக்கிறன்" என்போம். அவர் மட்டும் என்ன, தனக்குப் பிறஷர் என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கமாட்டார். இரண்டு பக்கமும் நல்லா இருக்கிற கோல்கள். இதிலே ஒரு பொய்க்கும் கெட்ட நோக்கம் கிடையாது. எல்லாம் அன்பினால் சொல்கிற பொய்கள்தான்.

ஆனால் டொக்டருக்குச் சொல்கிற பொய் உயிரோடு விளையாடும். வாட்டுகளில் வேலை செய்த எவரும் இதைக் கண்டிருப்பார்கள். ஓர் அம்மாவுக்குச் சீனி இறங்குகிறதே இல்லை. மாதா மாதம் வருகிறார், குளிசை ஒழுங்காகப் போடுகிறேன் என்கிறார். டொக்டர் குளிசையைக் கூட்டுகிறார். அடுத்த முறையும் கூட்டுகிறார். பிறகு ஒரு நாள் அந்த அம்மா காய்ச்சலோ வேறு எதற்கோ வாட்டில் அனுமதிக்கப்படுகிறார். தாதி கொப்பியைப் பார்த்து, எழுதியிருக்கிற அத்தனை குளிசையையும் நேரந் தவறாமல் கொடுக்கிறார். நடுச்சாமத்தில் அம்மா வியர்த்துக் கொட்டி, கதைத்தால் விளங்காமல், நினைவு தப்பிக் கிடக்கிறார். சீனி 40க்குக் கீழே. வீட்டில் அவர் அந்தக் குளிசைகளில் பாதியைத் தொட்டதே இல்லை. எல்லாம் லாச்சிக்குள் இருக்கின்றன.

ஏன் போடவில்லை? காரணத்தைக் கேட்டால் யாருக்கும் கோபம் வராது. மெற்போமின் போட்ட நாளில் வயிறு குழம்புகிறது. பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் இருந்து கிளினிக்குக்கு வர வேண்டும், இடையில் கழிப்பறை இல்லை. அதனால் கிளினிக் நாளில் விட்டார். பிறகு கோவிலுக்குப் போகிற நாளிலும் விட்டார். பிறகு எல்லா நாளும். இதைச் சொல்லியிருந்தால் சின்ன விஷயம். சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம், குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டலாம், மெதுவாகக் கரைகிற வகைக்கு மாற்றலாம். மெற்போமின் 1957 இல் பிரான்சில் பாவனைக்கு வந்த மருந்து. ஆறு தசாப்தத்துக்கு மேலாக உலகம் பழகிய மருந்து என்பதால் அதன் குணமும் குழப்பமும் நன்றாகத் தெரியும். நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம் என்பதும் அப்படித் தெரிந்த ஒன்று. கால் விறைப்பு, அசதி என்று வந்தால் அதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: லாச்சியைத் திறந்து, மிஞ்சிய குளிசைகளையும் பைக்குள் போட்டுக்கொண்டு வாருங்கள். ஏச்சு விழும் என்று பயப்படுகிறீர்கள். சில இடங்களில் விழும்தான், நாங்களும் வாங்கியிருக்கிறோம். வாங்கினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

குறிஞ்சா இலை, பாகற்காய்ச் சாறு, கொத்தலஹிம்புட்டுக் கோப்பை இவற்றுக்கும் இதே விதி. பாகற்காய்க் கறியோ குறிஞ்சா இலைச் சுண்டலோ சாப்பாடாகச் சாப்பிட்டால் ஒரு டொக்டரும் குறுக்கே நிற்கமாட்டார். சாறாகவும் தூளாகவும் கூட்டிக் குடித்துக்கொண்டு, அதோடு சீனிக் குளிசையும் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கத்துக்கும் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. சீனி எதனால் இறங்கியது என்று எங்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு மட்டும் படித்துச் சித்தியடைந்தவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டோம். கிளினிக்குக்கும் அப்படித்தான் வருகிறோம். இரண்டு நாள் முன்பிருந்து சோறு இல்லை, பலகாரம் இல்லை, வெறும் வயிற்றுச் சீனி 110 வந்துவிடும். அதற்காகத்தான் எச்பிஏ1சி என்ற பரிசோதனை இருக்கிறது. செங்குருதிக் கலம் ஒன்று ஏறக்குறைய 120 நாள் உயிர் வாழ்கிறது. அந்த நாட்களில் இரத்தத்தில் எவ்வளவு சீனி இருந்ததோ அதற்கேற்ப அதில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே அந்த எண் கடந்த இரண்டு மூன்று மாதத்துக் கணக்கைச் சொல்லும். முதல்நாள் படிப்பு அங்கே செல்லாது. பெரும்பாலானவர்களுக்கு அது 7 வீதத்துக்கு அண்மையில் இருந்தால் நல்லது. எண்பது வயது ஆசிரியைக்கு அவ்வளவு இறுக்கம் தேவையில்லை, கூடுதலாக இறக்கினால் விழுந்து இடுப்பு முறியும். இரத்தச்சோகையோ தலசீமியாவோ உள்ளவர்களுக்கு இந்த எண் பிழையாகக் காட்டலாம், அதையும் டொக்டரிடம் முன்னமே சொல்லிவிடுங்கள்.

இனிக் குசினிக்குப் போவோம். எங்கள் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று கேட்டால் பதில் தெரியும். எல்லோருக்கும் பரிமாறி, மிஞ்சியதை வழித்து, மூன்று மணிக்குச் சட்டியோடு சாப்பிடுகிற பழக்கம் எங்கள் அம்மாமாருக்கு இருந்தது, எங்களுக்கும் இருக்கிறது. மிஞ்சுவது பெரும்பாலும் சோறும் சொதியும். மீனும் கீரையும் மற்றவர்களின் கோப்பைக்குப் போய்விடும். காலையில் போட்ட குளிசைக்குச் சாப்பாடு வந்து சேர்வதற்குள் சீனி இறங்கி, கை நடுங்கி, பிறகு பசியில் இரண்டு பங்கு சாப்பிட்டு, சீனி ஏறி... இதற்குப் பெயர் தியாகம் என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும். சீனி வருத்தம் உள்ள பெண் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். முதலில் சாப்பிட்டாலும் குற்றமில்லை.

தனிச் சமையல் வேண்டாம். "அம்மாவுக்கு மட்டும் வேறாய்" என்று ஒரு சட்டி வைத்தால் ஒரு மாதத்தில் அந்தச் சட்டி காணாமல் போகும். எல்லோரும் சாப்பிடுகிற சாப்பாட்டையே கோப்பையில் மாற்றி அடுக்க வேண்டும். பாதிக் கோப்பைக்கு மரக்கறியும் கீரையும்: முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல், வாழைப்பொத்தி, பயற்றங்காய் எது கிடைக்கிறதோ அது. கால் பங்குக்கு மீன், முட்டை, பருப்பு, கடலை. மிச்சக் கால் பங்குதான் சோறு, பிட்டு, இடியப்பம், பாண். எங்கள் கோப்பை வழக்கமாக இதற்குத் தலைகீழாக இருக்கும். பிட்டு மலையாகவும் கறி அதன் அடிவாரத்திலும்.

சில நம்பிக்கைகளை இங்கேயே உடைத்துவிடுவோம். பனங்கட்டியும் சீனிதான். கடித்துக்கொண்டு பிளேன் ரீ குடித்தால் "சீனி போடாத தேத்தண்ணி" ஆகாது. தேனும் அப்படித்தான். குரக்கன் நல்ல தானியம், நார்ச்சத்துக் கூட, ஆனால் குரக்கன் பிட்டை வயிறு முட்டச் சாப்பிட்டால் அரிசிமாப் பிட்டுப் போலவே சீனி ஏறும். தவிட்டோடு இருக்கிற சிவப்பரிசி வெள்ளையரிசியைவிட மேல், ஆனால் அளவு அளவுதான். மாம்பழம் சாப்பிடலாமா என்று ஆனி ஆடியில் கேட்காத ஆள் இல்லை. கறுத்தக்கொழும்பானை முன்னால் வைத்துக்கொண்டு கூடவே கூடாது என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஒரு பக்கத்துத் துண்டு, அதுவும் சோற்றுக்குப் பிறகு கூடுதலாக இல்லாமல், சோற்றைக் குறைத்து அந்த இடத்தில். சாறாக அடிக்க வேண்டாம். கடையில் மென்பானம் வாங்கினால் போத்தலில் இருக்கும் நிறக் குறியைப் பாருங்கள். 2016 முதல் இலங்கையில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அதில் போடுகிறார்கள். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல். பேரப்பிள்ளைகளுக்கும் அதைக் காட்டிக்கொடுக்கலாம்.

நடை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளில் இங்கே படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில் படித்துவிட்டுக் காலையில் சைக்கிளில் டியூசனுக்கு ஓடுவோம். அந்தக் கஷ்டம் திரும்பி வர வேண்டாம். சாப்பிட்டு முடிய பத்துப் பதினைந்து நிமிடம் முற்றத்தில் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுகிற சீனி குறைகிறது. அதற்குச் சப்பாத்தும் வேண்டாம், ஜிம்மும் வேண்டாம்.

கடல் கடந்து இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. இலங்கையில் இரத்தச் சீனியை ஒரு டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கிறோம். கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா எல்லாம் மில்லிமோல். ஊரில் அம்மா "180" என்று சொல்ல, மகள் பயந்து விமானச்சீட்டுத் தேடுவதும், மகள் "எனக்குப் 14" என்று சொல்ல, அம்மா "அப்ப நல்லாக் குறைஞ்சிட்டுது" என்று சந்தோசப்படுவதும் நடக்கிறது. ஊர் எண்ணைப் 18ஆல் பிரியுங்கள், வெளிநாட்டு எண் வரும். அம்மாவின் 180 என்பது 10. மகளின் 14 என்பது 252. யார் முதலில் டொக்டரிடம் போக வேண்டும் என்று இப்போது விளங்குகிறதல்லவா? எச்பிஏ1சியையும் பிரித்தானியாவில் வேறு அலகில் சொல்கிறார்கள். அங்கே 53 என்றால் இங்கே 7 வீதம்.

இந்த நான்கு எண்களைத் தொலைபேசியில் பரிமாறத் தொடங்கினால் "நல்லா இருக்கிறன்" என்ற கதை தானாகவே மாறும். வட்ஸ்அப்பில் பூப்படத்தோடு காலை வணக்கம் அனுப்புகிற அம்மாமார், வாரம் ஒருமுறை கொப்பியின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பலாம். பிள்ளைகளும் திருப்பித் தங்களுடையதை அனுப்ப வேண்டும். ஒருவழியாகக் கேட்டால் அது விசாரணை.

இன்னொன்று, குளுக்கோமீற்றர் வாங்கி அனுப்புகிற பிள்ளைகளுக்கு. மெசின் ஒருமுறை, ஸ்ரிப் எப்போதும். அந்த வகை ஸ்ரிப் ஊர்க் கடையில் கிடைக்காவிட்டால் ஐம்பது ஸ்ரிப் முடிந்ததும் மெசின் காட்சிப்பொருள். ஊரில் ஸ்ரிப் கிடைக்கிற வகையை இங்கேயே வாங்கிக் கொடுங்கள். எத்தனையோ அலுமாரிகளில் லண்டன் மெசின்கள் பெட்டியோடு தூங்குகின்றன.

சீனி இறங்குவதைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் வருத்தக்காரரால் யோசிக்க முடியாது. வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத கோபம், குழறிய பேச்சு. 70க்குக் கீழே, அதாவது வெளிநாட்டு எண்ணில் 4க்குக் கீழே போனால் உடனே மூன்று தேக்கரண்டி சீனி அல்லது குளுக்கோஸ் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பார்த்து, குறைவாக இருந்தால் இன்னொரு முறை. பிறகு சாப்பாடு. நினைவு தப்பியவருக்கு வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, புரைக்கேறும். உடனே ஆஸ்பத்திரி. தேத்தண்ணிக்குச் சீனி வாங்காத வீட்டிலும் இதற்காக ஒரு பேணியில் சீனி இருக்கட்டும்.

விரதம் பிடிப்பவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். கந்தசஷ்டி ஆறு நாள், கௌரிகாப்புக்கு முன் இருபத்தொரு நாள், தவக்காலத்து ஒறுத்தல், றமழான் நோன்பு, எல்லாம் எங்கள் பழைய மாணவிகள் பிடிப்பவை. பிடிக்காதே என்று நாங்கள் சொல்வதில்லை. மெற்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளோ இன்சுலினோ எடுப்பவர் உபவாசம் இருந்தால் இறங்கும். விரதம் தொடங்க இரண்டு கிழமைக்கு முன்னமே கிளினிக்கில் சொன்னால் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதித் தரலாம். இடையில் 70க்குக் கீழே போனால் விரதத்தை முறித்துச் சீனித் தண்ணீர் குடிக்க வேண்டும். கடவுள் கோபிப்பாரோ என்று ஓர் அம்மா கேட்டார். எங்கள் அபிப்பிராயம், கோபிக்க மாட்டார்.

கோவில் என்றதும் கால் ஞாபகம் வருகிறது. நல்லூர்த் திருவிழா ஆவணி வெயிலில். நீண்ட காலச் சீனியால் பாதத்தில் உணர்வு மங்கியவருக்குக் கொதிக்கிற மணல் சுடுவது தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம். குளிர்நாட்டில் இதே வேலையை ஹீற்றரும் சுடுதண்ணீர்ப் பையும் செய்கின்றன. விடியப்புறமோ பொழுதுபட்ட பிறகோ கும்பிடப் போகலாம். இரவில் படுக்க முன் பாதத்தைப் பார்க்க வேண்டும், குனிய முடியாவிட்டால் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியை நிலத்தில் வைத்து. வருடம் ஒருமுறை கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல். இவை கொப்பியில் இருக்கின்றன, பக்கத்தைப் புரட்டிக் கேட்டால் போதும்.

"இன்சுலின் போட்டால் கதை முடிஞ்சுது" என்ற பயம் இன்னும் இருக்கிறது. ஊசி தொடங்கிய அயலவர் ஒருவர் ஒரு வருடத்தில் இறந்தார், காலை எடுத்தார்கள் என்பார்கள். அநேகமாக அவர் பத்து வருடம் ஊசியைத் தள்ளிப்போட்டிருப்பார். கடைசியில் வந்த ஊசிக்குப் பழி. கணையம் காலப்போக்கில் களைத்துப்போவது இந்த வருத்தத்தின் இயல்பு, வருத்தக்காரரின் குற்றமில்லை. பாவனையில் உள்ள ஊசி மருந்தை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் ஏறக்குறைய நான்கு கிழமை வெளியில் வைத்திருக்கலாம். 2022 இல் நாள் முழுக்கக் கரண்ட் போனபோது, குளிர்சாதனப் பெட்டி வேலை செய்யவில்லையென்று மருந்தை எறிந்தவர்கள் இருந்தார்கள். ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் இன்னொரு சின்னப் பானை வைத்து அதற்குள் வைத்தால் வெப்பம் தாக்காது. அந்த வருடம் மருந்துத் தட்டுப்பாட்டில் பெட்டி பெட்டியாக அனுப்பிய அக்காமாரை இந்த மேடையில் நன்றியோடு நினைக்கிறோம்.

சலிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது ஒரு நாள்கூட லீவு தராத வருத்தம். எல்லாம் சரியாகச் செய்தும் எண் ஏறி நிற்கிற நாட்கள் உண்டு, நித்திரை குறைந்தாலும் மனம் நொந்தாலும் ஏறும். அழுகை வருகிறது, ஒன்றிலும் பிடிப்பில்லை, இரண்டு கிழமையாக அப்படித்தான் இருக்கிறது என்றால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். அதற்கும் மருந்து உண்டு, கதைக்க ஆட்களும் உண்டு. எங்களுக்கு உதவியது பழைய வகுப்புத் தோழிகள் நாலு பேர் சேர்ந்த ஒரு வட்ஸ்அப் குழு. அதில் எண்களைவிடப் பகிடிதான் அதிகம்.

தங்கைமாருக்கும் அதிபருக்கும் ஒரு வேண்டுகோள். முதலாம் வகை நீரிழிவு பள்ளிக்கூட வயதில் வருகிறது. அப்படி ஒரு பிள்ளை ஊசிப் பெட்டியைப் புத்தகப் பைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு இந்த வகுப்பறைகளில் இருக்கலாம். வகுப்பாசிரியைக்கும் பக்கத்தில் இருக்கிற தோழிக்கும் தெரிந்திருந்தால் போதும். பாடம் நடக்கும்போது பிஸ்கற் சாப்பிட்டால் எழுப்பிவிடக் கூடாது. விளையாட்டுப் போட்டிக்கு முன் அவள் சீனி பார்க்க ஓர் இடம் வேண்டும். சோதனை மண்டபத்துக்குள் குளுக்கோஸ் கொண்டுபோக அனுமதி வேண்டும். ஹியூஸ் என்ற அந்தச் சிறுமி ஒளித்ததுபோல இவளும் அறுபது வருடம் ஒளிக்க வேண்டியதில்லை.

கர்ப்ப காலத்தில் சீனி கூடியவர்கள் இந்த மண்டபத்தில் இருந்தால், பிள்ளை பிறந்து ஆறு கிழமைக்குப் பிறகு ஒரு தடவையும், அதன்பின் வருடந்தோறும் சோதிக்க வேண்டும். "அது அப்பவே போட்டுது" என்று விடுபவர்கள்தான் அதிகம். முப்பத்தைந்து வயது கடந்த எவரும் அருகிலுள்ள அரச ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

சங்கத்தின் ஏற்பாட்டில் இன்று பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை பழைய விஞ்ஞான ஆய்வுகூடத்தில் சீனி, பிறஷர், பாதம் மூன்றும் பார்க்கிறோம். ஏற்கெனவே கொப்பி உள்ளவர்கள் அதைக் கொண்டுவாருங்கள். கொண்டுவராதவர்கள் வீட்டுக்குக் கோல் எடுத்து, எந்த அலுமாரியில், எந்தச் சீலைக்குக் கீழே இருக்கிறது என்று சொன்னால் யாராவது படம் எடுத்து அனுப்புவார்கள். தேத்தண்ணி மேசையில் இரண்டு பிளாஸ்க் இருக்கும். சிவப்பு மூடி சீனி போட்டது, பச்சை மூடி போடாதது.